மூன்றாம் ஓதம்

“எங்களைக் கொண்டுவந்து இந்த மணலில் எறிந்ததே ஓர் ஓதம், அதையுமா கணக்கில் சேர்க்கிறீர்கள்? இது எந்த ஊர் நியாயம் ஐயா?”

“இந்த ஊர் நியாயம், அம்மணி. கல்லில் வெட்டியிருக்கிறது. ‘தரை தட்டிய ஓதம் ஒன்று’ என்றுதான் கணக்கே தொடங்குகிறது.”

“அப்படியானால், வழுக்கி விழுந்தவனுக்கு விழுந்த குற்றத்துக்காக ஓர் அடி என்றும் வெட்டியிருப்பார்களே? அதைப் படிக்கவில்லையா?”

“கல்லின் மறுபக்கம் மணலில் புதைந்து கிடக்கிறது. அங்கே இருந்தாலும் இருக்கும்.”

அந்தப் பெண் சிரிக்கவில்லை. பேசியவனும் சிரிப்பதற்காக அதைச் சொல்லவில்லை. மேற்கே சரிந்துகொண்டிருந்த சூரியனையும், கீழ்வானத்தையும், இரண்டுக்கும் நடுவில் ஒருக்களித்துக் கிடந்த மரக்கலத்தையும் அவன் மாறி மாறிப் பார்த்தான். மூன்றும் சேர்ந்து தனக்கு எதிராகச் சதி செய்வதாகவே அவனுக்குத் தோன்றியது.

வாசகர்களே! இவர்கள் நின்று வழக்காடிய இடத்தைக் காண வேண்டுமானால், பொருநை நதி கடலோடு கலக்கும் துறையையும் தாண்டி, இன்னும் தெற்கே இரண்டு காத தூரம் நம்முடன் வர வேண்டும். அங்கே நிலம் குங்குமம் கொட்டிய நிறம் கொண்டது. தேரி என்று அதற்குப் பெயர். மலைபோல் குவிந்த செம்மணல் மேடுகளைக் காற்று தன் விருப்பம்போல் இடம் மாற்றிக்கொண்டேயிருக்கும்; நேற்றுப் பாதை ஓடிய இடத்தில் இன்று குன்று நிற்கும். கழுத்தளவு புதைந்த பனைமரங்கள், தலையை மட்டும் வெளியே நீட்டி மூச்சு வாங்குவதுபோல் ஓலைகளை அசைக்கும். அந்தச் செம்மேடுகளின் காலடியில், தாழம்புதர்களுக்கு அப்பால், வெள்ளி வளையம்போல் வெண்மணற்கரை வளைந்து கிடக்கிறது. வணிகர்கள் வராத கரை. வழிப்போக்கர்கள் மறந்த கரை. புயலுக்கு மட்டும் அந்த இடம் எப்படியோ நினைவில் இருந்தது.

அந்தக் கரைக்குக் காவலாக நின்றது தேரிக்கோட்டை. கோட்டை என்பது மிகையான சொல்தான். பனந்தடி வேலி ஒன்று, காவற்பரண் ஒன்று, ஒன்பது வீரர்கள், ஒரு தச்சன், நொண்டிக் குதிரை ஒன்று, இவ்வளவுதான் கோட்டை. அதன் தலைவன்தான் நாம் கண்ட இளைஞன், எயினன். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு அவன் மதுரைக் குதிரைப்படையில் இருந்தான். ஒரு நாள் படைத்தலைவர்களின் ஆலோசனை மண்டபத்தில், “குன்றநாட்டார் நமக்கு என்ன தீங்கு செய்தார்கள்? அவர்கள் மேல் ஏன் படையெடுக்க வேண்டும்?” என்று கேட்டுவிட்டான். கேட்டது அந்த ஒரு கேள்விதான். மறு வாரமே தேரிக்கு அனுப்பப்பட்டான். இங்கே கேள்வி கேட்டால் கடல் மட்டுமே பதில் சொல்லும்.

இனி அந்த மூன்று ஓதம், அதாவது மூன்று கடலேற்றம். கரை தட்டிய கலம் மூன்று ஓதம் ஏறி இறங்கும் வரை அசையாமல் கிடந்தால், கலமும் சரக்கும் அரசருக்கு உரியவை. கலத்தில் வந்தவர்களைத் துறைமுக அதிகாரியிடம் அனுப்பி விசாரிக்க வேண்டும் என்பது அந்தக் கரையின் பழைய முறை. மூன்றாம் ஓதத்துக்குள் மிதந்துவிட்டால், அதை யாரும் எதுவும் கேட்க முடியாது. இரண்டு ஆண்டுகளில் எயினன் நான்கு கலங்களைத் துறைமுகத்துக்கு அறிவித்திருந்தான். அவற்றில் வந்த மனிதர்கள் காவலர்களோடு மேட்டின் மறுபுறம் இறங்கி மறைந்ததையும் நான்கு முறை பார்த்திருந்தான். திரும்பி வந்த ஒருவரையும் பார்த்ததில்லை. ஐந்தாவது கலமாவது கடலுக்குள் திரும்பிப் போவதைப் பார்க்க வேண்டும் என்று காலை முதல் அவன் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஆனால் அவன் தொட்டதெல்லாம் கெட்டது.

நேற்று மாலை ஓதத்தில் வந்து விழுந்த கலம் அது. மாலுமிகள் நால்வரும் சிறு படகை இறக்கிக்கொண்டு இருளில் ஓடிவிட்டார்கள். எஞ்சியவர்கள் ஒரே குடும்பத்தார்: மலைநாட்டு மிளகு வணிகன் என்று சொல்லிக்கொண்ட நம்பன், நிறைசூலியான அவன் மனைவி மாதி, அவன் தங்கை சேந்தி. மாதி புன்னை மர நிழலில் படுத்திருந்தாள். இடுப்பில் வலி வந்து வந்து போவதாகச் சொன்னாள். கடலுக்கு அப்பால் உறவினர் காத்திருக்கிறார்கள், இன்றே போய்விட வேண்டும் என்பதைத் தவிர அந்தக் குடும்பத்தார் வேறு எதுவும் சொல்லவில்லை. இரண்டு ஓதம் போய்விட்டது. மூன்றாவது, நிலவு எழுந்து இரண்டு நாழிகையில் உச்சத்துக்கு வரும். பௌர்ணமி ஓதம், அதைப்போல் பெரிய ஓதம் இனி அமாவாசைக்குத்தான்.

“உங்கள் தச்சர் காலையில் அந்த ஆணிகளை அடிக்காமல் இருந்திருந்தால்...” என்று சேந்தி மீண்டும் ஆரம்பித்தாள்.

“அம்மணி! அந்த ஆணிகளைப் பற்றி இதோடு பதினோராவது முறை சொல்கிறீர்கள்.”

“ஏழு ஆணி அடித்தார். ஆணிக்கு இரண்டு முறையாவது சொல்ல வேண்டாமா?”

நடந்தது இதுதான். கலத்தின் வயிற்றுப்புறத்தில் ஒரு பலகை நான்கு சாண் நீளத்துக்குத் தெறித்திருந்தது. கோட்டைத் தச்சன் காடன் புதுப் பலகை ஒன்றைச் சீவி வைத்து, ஏழு இரும்பு ஆணிகளை அடித்தான். நான்காவது ஆணி இறங்கும்போது ‘சடக்’ என்று ஒரு சத்தம். பிடிவாதக்காரனான காடன் ஏழையும் அடித்து முடித்தபோது, புதுப் பலகையோடு அதன் பக்கத்துப் பழைய பலகையும் பிளந்திருந்தது. இரண்டு சாண் ஓட்டை நான்கு சாண் ஆனதென்றால் பொறுக்கலாம். நான்கு சாண் ஓட்டை எட்டுச் சாண் ஆகிவிட்டது.

இவர்கள் இப்படி வழக்காடிக்கொண்டிருந்தபோதுதான் தாழம்புதர்களுக்கு அப்பாலிருந்து ஒரு குரல் வந்தது. குரலுக்குப் பின்னால் தலையில் நார்க்கயிற்றுச் சுருளோடு முப்பத்தைந்து வயதுப் பரதவப் பெண் ஒருத்தி வந்தாள். அவளுக்குப் பின்னால், வாயைத் திறக்கும் வழக்கமே இல்லாத அவளுடைய கணவன் கொம்பையன் வந்தான். எயினன் காலையிலேயே ஆள் அனுப்பியிருந்தான். அவர்கள் குப்பம் அரைக் காத தூரம்.

“எந்தப் பாவி இதுல இரும்பை ஏத்துனது?” என்றாள் அவள், பலகையை ஒரு பார்வை பார்த்துவிட்டு.

“பாவி இல்ல. தச்சன்” என்றான் காடன்.

“ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியலையே.”

“இந்தா பாரு சங்கி, வைகையில நான் செஞ்ச ஓடம் முப்பது வருசமா மிதக்குது.”

“வைகையில எருமையுந்தான் மிதக்குது!”

வீரர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சங்கி சிரிக்கவில்லை. பிளவில் விரலை விட்டு, ஓரமாக வரிசையாகத் துளைத்திருந்த சிறு துளைகளைத் தடவிக் காட்டினாள்.

“இது தச்ச கலம் அய்யா. பலகைக்குப் பலகை கயித்தாலதான் தச்சிருக்கு. அலை அடிச்சா வளைஞ்சு குடுக்கும், பொறவு நிமிரும். அதுல போயி ஆணி அடிச்சா ஒடியாம என்ன செய்யும்? கலத்துக்காரரு எங்க? அவரு கண்ணு முன்னாலயா அடிச்சீக?”

நம்பன் நான்கடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தான். காலையில் ஆணிகள் இறங்கும்போதும் அங்கேதான் நின்றான். தலையசைத்துக்கொண்டு நின்றான்.

“பார்த்துக்கிட்டா நின்னீரு?” என்று சங்கி வாயைப் பிளந்தாள். “கலத்துக்காரன் தன் நெஞ்சுல ஆணி அடிக்க விட்டாலும் விடுவான். கலத்துல விடமாட்டானே!”

நம்பனின் முகம் வெளிறியது. சேந்தி சட்டென்று கடலைப் பார்த்தாள்.

எயினன் எல்லாவற்றையும் பார்த்தான். தன் கலம் ஆணியால் ஆனதா, கயிற்றால் ஆனதா என்று அறியாத வணிகன்! அந்தக் கேள்வி அவன் நாக்கின் நுனி வரை வந்தது. ஆனால் கேள்வி கேட்டு ஒரு முறை கெட்டவன் அல்லவா? தவிரவும், பட்சத்துக்கு ஒரு முறை துறைமுகத்திலிருந்து மேற்பார்வையாளர் வருவார். வெண்கலப் பாத்திரத்தில் கடல்நீரை நிரப்பி, கரைக்காவலனின் வலக்கையை அதில் முக்கி, ‘கண்டதும் கேட்டதும் அறிந்ததும் சொல்’ என்பார். அந்த நீரில் கைவைத்துப் பொய் சொன்னவனைக் கடல் தேடி வரும் என்பது அந்தக் கரையின் நம்பிக்கை. எயினன் கடலுக்கு அஞ்சியவனல்லன், பொய்க்கு அஞ்சியவன். அறியாததைச் சொல்லத் தேவையில்லை. ஆகவே அவன் கேள்வியை விழுங்கிவிட்டு, “தைக்க எவ்வளவு நேரமாகும்?” என்று மட்டும் கேட்டான்.

“உள்ள ஒருத்தர், வெளிய ஒருத்தர். கயித்தை அங்கிட்டும் இங்கிட்டும் மாத்தி மாத்தி இழுக்கணும். சண்டை போடாம இழுத்தா நிலா வர்றதுக்குள்ள முடியும்.”

உள்ளே புகுவதற்கு இடமோ மிகக் குறுகியது. காடனின் வயிறு அதற்கு இடம் கொடுக்கவில்லை. வீரர்கள் மணலை வெட்டிக் கால்வாய் இறக்கிக்கொண்டிருந்தார்கள். நம்பன் கலத்தின் மறுபுறம் தேங்கிய நீரை இறைத்துக்கொண்டிருந்தான்.

“நான் போகிறேன்” என்றாள் சேந்தி.

“சண்டை போடாம இழுக்கணும்னேன்” என்று சங்கி நினைவுபடுத்தினாள். வெளிப்புறத்தில் நிற்க எயினனைத்தான் அவள் தேர்ந்தெடுத்திருந்தாள்.

வாசகர்களே! அரண்மனைப் பூங்காக்களிலும் மாடத்து நிலாமுற்றங்களிலும் நெஞ்சங்கள் ஒன்றையொன்று அறிந்த கதைகள் எத்தனையோ உண்டு. ஆனால் ஒரு விரற்கடை கனமுள்ள பலகையின் இருபுறமும் உட்கார்ந்து, ஒருவர் முகத்தை ஒருவர் காணாமல், துளை வழியே வரும் கயிற்றின் நுனியை மட்டும் கண்டு, ஒருவரையொருவர் வைதுகொண்டே அறிந்துகொண்டவர்களைப் பற்றி நாம் கேட்டதில்லை. காடன் துளைத்த துளையில் எயினன் கயிற்றை நுழைப்பான். உள்ளிருந்து அவள் இழுப்பாள். பலகைக்கும் பலகைக்கும் நடுவில் சங்கி நாரைத் திணிப்பாள். பிறகு அடுத்த துளையில் அவள் நுழைப்பாள், அவன் இழுப்பான். ஒவ்வொரு இழுப்பிலும் பலகை முனகும்.

“இழுங்கள் என்றால் இழுக்க வேண்டும். அசைக்க அல்ல!” என்றது பலகைக்குள்ளிருந்து வந்த குரல்.

“இழுத்தேன். நீங்கள்தான் விட்டுவிட்டீர்கள்.”

“நான் விடவில்லை. கயிறு அறுந்தது.”

“இது மூன்றாவது கயிறு!”

“இதுவும் என் குற்றமா? இதையும் கல்லில் வெட்டியிருக்கிறார்களா?”

“அய்யா, பேச்சை நிறுத்திட்டுக் கயித்தை இழும். வாயால தச்சா கலம் மிதக்காது” என்றாள் சங்கி.

நுழைப்பு, இழுப்பு, முனகல். கயிறு எயினனின் உள்ளங்கையை அறுத்தது. அப்போது துளை வழியே அடுத்த நுனி வந்தது. அதில் செம்மை படிந்திருந்தது. தேரி மண் என்று முதலில் நினைத்தான். ஈரமாக இருந்தது.

“கையில் காயமா?” என்றான்.

“இல்லை.”

“நுனியில் இரத்தம் இருக்கிறதே.”

“அப்படியானால் காயமாக இருக்கலாம். இழுங்கள்.”

எயினன் இழுத்தான், முன்னைவிட மெதுவாக. உடனே, “இப்படிப் பூத்தொடுக்கிறவர்போல் இழுத்தால் தண்ணீர் புகும்!” என்று உள்ளிருந்து அதட்டல் வந்தது. அவனுக்குக் கோபம் வந்தது. கூடவே, காரணம் தெரியாத ஒரு மகிழ்ச்சியும். அந்தக் குரலுக்கு உரியவளுக்கு, கட்டளையிட்டுப் பழக்கம் இருக்கிறது என்று அவன் மனம் சொன்னது. அதையும் அறியாததாகவே வைத்துக்கொண்டான்.

“நீங்கள் ஏன் எங்களுக்காக இவ்வளவு பாடுபடுகிறீர்கள்?” என்று திடீரென்று கேட்டாள் அவள்.

“ஒரு கலமாவது இங்கிருந்து கிளம்புவதைப் பார்க்க வேண்டும் என்று ஆசை.”

“எங்கள் மேல் இரக்கம் என்று சொல்வீர்கள் என நினைத்தேன்.”

“காலையிலிருந்து நீங்கள் பேசிய பேச்சுக்குப் பிறகு இரக்கத்துக்கு எங்கே இடம்?”

உள்ளே சிரிப்பொலி ஒன்று கேட்டது. மரத்துக்குள் அடைபட்ட சிரிப்பு. அதனாலேயே அது அவன் காதுக்கு மிக அருகில் ஒலித்தது.

ஆனால் அந்த நாள் யாரையும் நெடுநேரம் சிரிக்க விடுவதாக இல்லை. கரையில் குங்கிலியமும் மீன் எண்ணெயும் காய்ச்சிக்கொண்டிருந்த வீரன், கால்வாய் வெட்டுவதை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றுவிட்டான். பானை பொங்கித் தீப்பற்றியது. ஓடிப்போய் மணலைப் போட்டு அணைத்தபோது பாதிதான் மிஞ்சியது, அதிலும் பாதி மணல். தையலின் மேல்வரிசைக்குப் பூசக் காணாது. காடன், காலையில் செய்ததற்குப் பரிகாரமாகவோ என்னவோ, தன் தலைப்பாகையைக் கிழித்து மிஞ்சிய எண்ணெயில் நனைத்து மேல்வரிசையில் அடைத்தான். அதைப் பார்த்துச் சங்கி தானும் ஒரு முனையைப் பிடித்துத் திணித்தாள்.

சூரியன் தேரிக்குப் பின்னால் இறங்கியது. செம்மணல் இன்னும் சிவந்து, பின்பு கறுத்தது. கீழ்க்கடலில், உருக்கிய செம்பைத் தட்டிவைத்தாற்போல் நிலவு எழுந்தது. எழ எழ வெளுத்தது. அலைகள் ஒவ்வொன்றாகக் கால்வாய்க்குள் எட்டிப் பார்த்துவிட்டுப் போயின. வீரர்கள் பனந்தடிகளைக் கலத்தின் அடியில் உருட்டிவிட்டு, வடங்களைத் தோளில் போட்டுக்கொண்டார்கள். மாதியைத் தூக்கிக் கலத்தில் கிடத்தினார்கள். சுக்கான் பிடிக்கக் கொம்பையன் ஏறினான். அக்கரையில் விட்டுவிட்டு நான்கு நாளில் திரும்புவதாக அவன் சார்பில் சங்கியே சொன்னாள்.

முதல் இழுப்பில் கலம் ஒரு முழம் நகர்ந்தது. இரண்டாவதில் வடம் அறுந்து ஐந்து வீரர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். எயினன் வானத்தைப் பார்த்துப் பற்களைக் கடித்தான். மறுவடம் கட்டிக்கொண்டிருந்தபோதுதான் மேட்டின் மேல் குதிரைக் குளம்படி கேட்டது. வடக்குக் காவலிலிருந்து வந்த வீரன் ஒருவன் ஓலைக்குழலை எயினன் கையில் கொடுத்துவிட்டு, “கோட்டையில் சோறு இருக்கிறதா தலைவரே?” என்று கேட்டுக்கொண்டே போய்விட்டான்.

எயினன் கலத்தின் கடல்புறம் நகர்ந்து, முழங்கால் நீரில் நின்றபடி, நிலவொளியில் ஓலையை விரித்தான்.

‘குன்றநாட்டுக் கோட்டை வீழ்ந்தது. இறந்துபோன தலைவனின் பட்டத்துக்குரிய மைந்தன் வணிகர் வேடத்தில் கடல்வழி தப்பினான். உடன் இரு பெண்கள். கண்டால் உயிருடன் பிடித்து அனுப்புக.’

இரண்டாம் முறை அதைப் படித்து முடிப்பதற்குள், நீர் இறைக்கும் மரத்தொட்டியோடு கலத்தின் ஓரத்தில் நின்ற நம்பன் கீழே குதித்தான். ஓலைக்குழலில் இருந்த அரச முத்திரையை அவன் பார்த்துவிட்டிருந்தான்.

“தலைவரே, அதில் எழுதியிருப்பது என்னைப் பற்றித்தான். நானே குன்றநாட்டு இளவரசன். என்னைப் பிடித்துக்கொள்ளும். பெண்கள் இருவரையும் போகவிடும்.”

“நான் உங்களை எதுவும் கேட்கவில்லை. நீர் இறையுங்கள்” என்றான் எயினன்.

“தலைவரே! நானே இளவரசன் என்கிறேன்!”

“நீர் இறையுங்கள் ஐயா! கலத்தில் முழங்கால் தண்ணீர் நிற்கிறது. இளவரசர்களும் இறைக்கலாம்!”

“எனக்காக உமது கடமையைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். இதோ என் கைகள். கட்டும்” என்று நம்பன் இரு கைகளையும் நீட்டினான். கலத்துக்குள்ளிருந்து மாதியின் விம்மல் கேட்டது.

அப்போது கலத்தின் விளிம்பைப் பற்றிக்கொண்டு சேந்தி இறங்கி வந்தாள். குங்கிலியமும் நாரும் ஒட்டிய முகம். துணி சுற்றிய விரல்கள். பகலெல்லாம் குரலாக மட்டும் அறிந்தவளை, எயினன் நிலவில் முழுதாகப் பார்த்தான்.

“போதும் அண்ணா. நீ பிறக்கப்போகும் குழந்தைக்குத் தந்தை. உன்னை இங்கே விட்டுவிட்டு நான் எங்கே போய் எந்த நாட்டை ஆளப்போகிறேன்?” என்றாள். பிறகு எயினன் பக்கம் திரும்பி, நிமிர்ந்து நின்றாள். “ஓலை எழுதியவர்களுக்குத் தெரியாது, என் தந்தைக்கு மைந்தன் இல்லை என்று. மகள்தான் உண்டு. குன்றநாட்டுக்கு உரியவள் நான். இவர் என் செவிலித்தாயின் மகன். எனக்காக இன்று சாகத் துணிந்த என் அண்ணன். அதில் மட்டும் பொய் இல்லை.”

ஓர் அலை வந்து மூவரின் இடுப்பையும் நனைத்துவிட்டுத் திரும்பியது. எயினன் ஓலையைச் சுருட்டினான். மறுகணம் வெடித்தான்:

“ஏன் சொன்னீர்கள்? ஏன் அம்மணி சொன்னீர்கள்? காலையிலிருந்து நான் ஒன்றையும் அறியாமலிருக்க என்ன பாடுபட்டேன் தெரியுமா? இவர் கண் முன்னால் ஆணி அடித்தும் இவர் தடுக்கவில்லை; ஏன் என்று நான் கேட்கவில்லை. நீங்கள் கட்டளையிட்டுப் பழகியவர்போல் பேசினீர்கள், யார் என்று கேட்கவில்லை. இவர் வந்து நானே இளவரசன் என்றார். நல்லவேளை, இவருக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை! இவர் சொன்னதை நான் நம்பவில்லை என்று கடல்நீரில் கைவைத்துச் சத்தியம் செய்திருப்பேன். அது முழு உண்மையாகவும் இருந்திருக்கும்!”

“நான் சொன்னதையும் நம்ப வேண்டாமே.”

“நம்பிவிட்டேனே!”

வாசகர்களே, அந்த ஒரு சொல்லில் இருந்தது ஆத்திரமா, வேறொன்றா என்று சேந்தி அவன் முகத்தைப் பார்த்தாள். ஆராய நேரமில்லை. கலத்தின் மறுபுறத்திலிருந்து சங்கியின் குரல் இடிபோல் வந்தது:

“தலைவரே! ஓதம் தலைக்கு வந்திருச்சு! இழுக்கப் போறீகளா, இல்ல அங்கிட்டு நின்னு கதை பேசப் போறீகளா?”

கரையில் நின்ற வீரர்களுக்கு இங்கே பேசியது எதுவும் கேட்கவில்லை. அலையோசை அவர்கள் காதை அடைத்திருந்தது. அவர்கள் கண்டதெல்லாம், தங்கள் தலைவன் ஒரு கணம் சிலைபோல் நின்றதையும், பிறகு வணிகரைப் பிடித்துக் கலத்துக்குள் தள்ளி, அந்தப் பெண்ணையும் ஏற்றிவிட்டு, முன்வடத்தின் நுனியைத் தானே தோளில் போட்டுக்கொண்டு நீருக்குள் பாய்ந்ததையும்தான். மனம் முடிவுசெய்யும் வரை ஓதம் காத்திருக்குமா?

“ஏலேலோ!” என்றான் எயினன்.

ஒன்பது தொண்டைகள் பதில் கொடுத்தன. காடன் பின்புறத்தில் முதுகைக் கொடுத்து முக்கினான். கலம் முனகியது, சாய்ந்தது, பனந்தடி ஒன்று நசுங்கித் தெறித்தது. பிறகு ஒரு பேரலை வந்து அடியில் புகுந்து, தூங்கும் குழந்தையை அள்ளுவதுபோல் கலத்தை அள்ளித் தூக்கியது. மணலின் பிடி விட்டது. கலம் நிமிர்ந்தது!

“ஒழுகுதா?” என்று கரையிலிருந்து கத்தினாள் சங்கி.

“இல்லை!” என்று நம்பனின் குரல் உடைந்து வந்தது. “ஒரு சொட்டுக்கூட இல்லை!”

கரையில் எழுந்த ஆரவாரத்தைச் சொல்லி முடியாது. வீரர்கள் காடனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். அவன் இறக்கிவிடச் சொல்லித் திட்டினான். கலம் கால்வாயைக் கடந்து ஆழம் கண்டது. கொம்பையன் கிழிந்த பாயை ஏற்றினான். கரைக்காற்று அதில் புகுந்தது. எயினன் மார்பளவு நீரில் நின்றான். முன்வடத்தின் மறுநுனி கலத்தில் கட்டியிருந்தது. அதன் சுருள் அவன் கைகளுக்குள்ளிருந்து நழுவி நழுவி நீண்டுகொண்டிருந்தது.

சேந்தி விளிம்பில் சாய்ந்து நின்றாள்.

“கலம் மிதந்துவிட்டது. உங்கள் கல்லின்படி இனி எங்களை யாரும் எதுவும் கேட்க முடியாது, அல்லவா?”

“கலத்தைக் கேட்க முடியாது” என்றான் எயினன். “என்னைக் கேட்பார்கள்.”

“எப்போது?”

“நாளை மறுநாள். மேற்பார்வையாளர் வரும் நாள்.”

“பொய் சொல்வீர்களா?”

அவன் கையிலிருந்த வடத்தைப் பார்த்தான்.

“மாட்டீர்கள். பொய் சொல்லத் தெரிந்திருந்தால் உங்களை இந்தக் கரைக்கு அனுப்பியிருக்க மாட்டார்கள். என்னைக் காட்டிக்கொடுப்பீர்களா?”

வடம் நழுவியது. அவன் திரும்பிக் கரையைப் பார்த்தான். நிலவில் ஒன்பது பேரும் இன்னும் ஆடிக்கொண்டிருந்தார்கள். தானும் இந்தக் கலத்தில் போய், நாளை தலைவன் இல்லாத கோட்டையில் விடிந்தால், முதல் கேள்வி அவர்களிடம்தான் வரும். அவர்கள் எதுவும் அறியார்கள், அது உண்மை. அந்த உண்மையைத் துறைமுகத்தார் எத்தனை அடிக்குப் பிறகு நம்புவார்கள்?

“எயினரே” என்று அவள் அழைத்தாள். அன்று பகலெல்லாம் ஐயா என்றும் தலைவரே என்றும் வைத வாய், முதல்முறையாக அவன் பெயரைச் சொன்னது. “பொய்யும் வேண்டாம், காட்டிக்கொடுக்கவும் வேண்டாம். இல்லாத மனிதனின் கையை எந்தக் கடல்நீரிலும் முக்க முடியாது. நாட்டை இழந்தவள் நான். உங்களுக்குப் பதவி தருவேன், பரிசு தருவேன் என்று சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.”

வடத்தின் கடைசி முழம் அவன் கைக்கு வந்தது. அது இறுகியது. கலம் ஒரு கணம் தயங்கி நின்றது. அவன் கால்களுக்கு அடியில் மணல் அரித்துக்கொண்டு போயிற்று. அவள் விளிம்புக்கு வெளியே குனிந்து, துணி சுற்றிய கையை நீட்டினாள்.

“ஏறி வாருங்கள்.”